சொட்டும் டயர்

பூவாறு படகுத் துறையில் தண்ணீர் வற்றத் தொடங்கி வெகு நேரமாகியிருந்தது. கட்டிப் போட்ட வள்ளங்களின் பக்கவாட்டில் தொங்கிய பழைய டயர்கள் வெயிலில் காய்ந்து உப்புப் பூத்திருந்தன. கடைசி வள்ளத்தில் தொங்கிய நான்கு டயர்கள் மட்டும் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன.

சத்தியதாஸ் கரையில் நின்று அதையே பார்த்தார். வாகனக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் விபத்துக் கார்களைப் பார்வையிடும் வேலையில் இருந்து, அதை விட்டுவிட்டு, பாறசாலையில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவர். நொறுங்கிய கார்களின் பக்கத்தில் நின்று மனிதர்கள் சொல்லும் கதைகளைக் கேட்டுக் கேட்டு, எதையும் உடனே நம்பாத முகம் அவருக்கு வாய்த்திருந்தது.

"ஷைனா, அந்த வள்ளம் யாருக்க?"

ஷைனா அவருடைய உதவியாளர். பொழியூர்க்காரி. சட்டம் படித்தவள், நீதிபதி கேட்காத கேள்விக்கும் பதில் சொன்னதால் சீனியர் வக்கீலின் அலுவலகத்திலிருந்து வெளியே வந்தவள்.

அவள் வள்ளத்தின் முகப்பைப் பார்த்தாள். வழக்கமாக உடனே வரும் பதில் இந்த முறை தாமதித்தது.

"ஜெஃப்ரினுக்கதாக்கும் சாரே. வாலண்டைன் அண்ணனுக்க சொந்தத் தம்பி."

"கொள்ளாம்" என்றார் சத்தியதாஸ். அது பாராட்டு இல்லை.

வாலண்டைன் நெய்யாற்றின்கரையில் டயர் கடை வைத்திருப்பவர். இப்போது சிறையில் இருக்கிறார். செங்கல் ஊரைச் சேர்ந்த சபரிநாதன் என்ற ரப்பர் தோட்டக்காரர் தம் ஸ்போர்ட்ஸ் காருக்கு அவரிடம்தான் டயர் போட்டார். அந்தக் காரில் மாற்று டயர் வைக்க இடமே கிடையாது. அதனால் 'ரன்-பிளாட்' டயர்தான் போட வேண்டும். காற்று முழுவதும் இறங்கினாலும் விறைப்பான பக்கச் சுவர் காரைத் தாங்கும், நிறுத்தாமல் வீடு வந்து சேரலாம். ஆனால் சபரிநாதனின் மனைவி கிருஷ்ணப்ரியா அம்பூரியிலிருந்து இறங்கி வந்தபோது, காற்றுப் போன டயர் ஒரு வளைவில் விளிம்பை விட்டுக் கழன்று, கார் ரப்பர் மரங்களுக்குள் உருண்டது. அவளுடைய கால் இரண்டு இடங்களில் முறிந்தது. காரில் இருந்தவை நான்கும் சாதாரண டயர்கள் என்று போலீஸ் கண்டுபிடித்தது. ரன்-பிளாட் என்று சொல்லிச் சாதாரண டயரைப் போட்டு ஏமாற்றினார் என்று வாலண்டைனைப் பிடித்துப் போனார்கள். நாளை ஜாமீன் விசாரணை.

வாலண்டைன் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "நான் போட்ட டயர் அதில்ல. நான் போட்டதுக்க உள்ளுக்குள்ள எனக்க குறி இருக்கும்."

கடலோரத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குறி உண்டு. வலை மிதப்பிலும் துடுப்பிலும் அதைத் தீட்டி வைப்பார்கள். மிதப்பு எந்தக் கரையில் ஒதுங்கினாலும் குறியைப் பார்த்து உரியவரின் வீட்டில் கொண்டு சேர்ப்பார்கள். கடலை விட்டு டயர் தொழிலுக்கு வந்த வாலண்டைன் அந்தப் பழக்கத்தை விடவில்லை. விற்கும் ஒவ்வொரு டயரின் உட்புறத்திலும் மஞ்சள் சாயத்தில் குடும்பக் குறியைத் தீட்டினார். விபத்துக் காரின் டயர்களில் அந்தக் குறி இல்லை. வேண்டுமென்றே தீட்டாமல் விட்டிருப்பார் என்றார் இன்ஸ்பெக்டர் அகிலேஷ்.

அப்படியானால் வாலண்டைன் போட்ட நான்கும் எங்கே போயின? எரித்தால் புகை ஊரைக் கூட்டும். ரோட்டோரத்தில் தள்ளினால் பஞ்சாயத்துக் கேமரா பிடிக்கும். வேறு கடையில் விற்றால் விலையுயர்ந்த டயரை யாரும் மறக்க மாட்டார்கள். ஒரு டயர் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்காத இடம் படகுத் துறைதான். இப்படி யோசித்துத்தான் சத்தியதாஸ் காலையிலிருந்து கடலோரம் முழுக்க நடந்திருந்தார்.

ஜெஃப்ரின் வள்ளத்தின் உள்ளே உட்கார்ந்து எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தான். முப்பது வயதுக்காரன். ஷைனாவைப் பார்த்ததும் எழுந்து வந்தான்.

"எலே ஜெஃப்ரின், உனக்க டயருக்கு என்ன ஜலதோஷமா? மூக்கு ஒழுகுதே" என்றாள் ஷைனா.

"அத சொல்லாத. டயரா அது? கல்லாக்கும். பக்கத்து வள்ளம் முட்டினா கொஞ்சமாவது அமுங்கணும்லா? இது அமுங்காது. எனக்க வள்ளத்துக்க பைபர்தான் கீறிப் போச்சு. தண்ணி வடியட்டும்னு அடியில தொளை போட்டேன், டிரில்லு பிட்டு ஒடிஞ்சிட்டு. பின்னயும் நாளு முழுக்க ஒழுகிக்கிட்டேதான் இருக்கும்."

சத்தியதாஸ் ஒரு டயரை மேலே இழுக்கச் சொன்னார். உள்ளே கைவிட்டுப் பார்த்தார். சுற்றளவு முழுவதும் தடித்த பஞ்சுப் பட்டை ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. ரோட்டுச் சத்தம் காருக்குள் கேட்காமலிருக்க வைப்பது. கடல் தண்ணீரைக் குடித்து அது ஊறிப் போயிருந்தது. பஞ்சின் ஓரத்தில் மஞ்சளாக, குறுக்குக் கோடு போட்ட தூண்டில் முள்.

"வாலண்டைனுக்க குறி" என்றாள் ஷைனா மெதுவாக.

"எங்க குறி" என்று திருத்தினான் ஜெஃப்ரின்.

"இது உனக்கு எப்படிக் கிடைச்சுது?" சத்தியதாஸ் கேட்டார்.

"மீன் எடுக்க வந்த ஏதோ வண்டி கடப்புறத்து மணல்ல தள்ளிட்டுப் போயிருக்கு. ஆளுவ புரட்டிப் பாத்திருக்காவ, குறி இருந்திருக்கு. எடுத்துட்டு வந்து எனக்க வாசல்ல வச்சிட்டுப் போனாவ. குறி உள்ள சாதனத்துல வேற யாரும் கை வைக்க மாட்டாவ."

"அண்ணன்கிட்ட கேக்கலியா?"

ஜெஃப்ரின் கடலைப் பார்த்தான். "எனக்கும் அண்ணனுக்கும் பேச்சுவார்த்த இல்ல. வீட்டு எல்லைக் கேசு நடக்குது. நேருல தர வெக்கப்பட்டு, சமாதானத்துக்கு அண்ணன் அனுப்பினதாக்கும்னு நெனச்சேன். அதனாலதான் வள்ளம் கீறினாலும் அவுக்காம வச்சிருக்கேன்."

பிறகு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்பம் அண்ணன் நல்ல டயர்தானே போட்டிருக்கான். இதக் காட்டினா வெளிய விட்டுருவாவளா சாரே?"

"நல்ல டயரக் கழத்தித் தம்பி வள்ளத்துல ஒளிச்சு வச்சான்னு சொல்லுவாவ மக்கா" என்றார் சத்தியதாஸ்.

ஜெஃப்ரின் குனிந்து கத்தியை எடுத்தான். "இப்பமே அறுத்துக் கடல்ல விட்டுருகேன். யாருக்கும் தெரியாது."

"குறி போட்ட டயரு" என்றாள் ஷைனா. "நாளைக்குக் காலம்பற திரும்பவும் உனக்க வாசல்லதான் இருக்கும். கத்திய உள்ள வை."

---

செங்கலுக்குப் போகும் வழியில் சத்தியதாஸ் காரை ஓட்ட, ஷைனா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியிலிருந்த போன் ஒலித்தது. வாலண்டைனின் மனைவி மேரிக்குட்டி. ஷைனா ஸ்பீக்கரில் போட்டாள்.

"சாரே, கிடைச்சுதா?"

"தேடிட்டு இருக்கோம்" என்றார் சத்தியதாஸ்.

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவரு செய்தாரா இல்லியா? செய்திருந்தா நான் ஜாமீன் எடுக்க மாட்டேன். அந்தப் பொண்ணுக்க கால நான் ஆஸ்பத்திரியில போய்ப் பாத்தேன் சாரே."

"சாயங்காலம் சொல்லுகேன்."

போன் அடங்கியது. ஷைனா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "'செய்யல்ல'ன்னு ஒரு வார்த்த சொன்னா உங்களுக்க வாய் தேஞ்சு போவுமா?"

"செய்யல்லன்னு எனக்குத் தெரியாதே."

"சாரே, திருடின சாதனத்துல சொந்தக் குறி போட்டு, சொந்தத் தம்பி வள்ளத்துல, ஊரே பாக்கத் தொங்க விடுவானா ஒருத்தன்? அதுக்குக் கடை வாசல்ல போர்டு எழுதி வைக்கலாமே."

"புத்தியுள்ள கள்ளன் அப்படித்தான் செய்வான். பிடிச்சா இப்பம் நீ சொன்னதயே கோர்ட்டுல சொல்லலாம். தம்பியும் அண்ணனும் பேசுறதில்லங்கிறதும் அவங்க ரெண்டு பேரும் சொல்லுறதுதான்."

"உங்க கூட ஞானஸ்நானத்துக்குப் போனா, கொழந்தை யாருக்கன்னு சர்ட்டிபிகேட் கேப்பிய."

சத்தியதாஸ் சிரிக்கவில்லை. "ஒண்ணு மட்டும் உறுதி. புது டயர்ல ரப்பர் முடி நீட்டிக்கிட்டு இருக்கும், பாத்திருப்ப. வள்ளத்துல இருக்க நாலுலயும் ஓரத்துல மட்டும் முடி இருக்கு. நடுவுல தேஞ்சு போச்சு. அப்படின்னா?"

"ரோட்டுல ஓடியிருக்கு."

"ஓடியிருக்கு. வாலண்டைன் நல்ல டயரப் போட்டுத்தான் அனுப்பியிருக்கான். மாத்தினது பின்னாடி. அத மாத்தணும்னா கார் இன்னொரு கடைக்குப் போயிருக்கணும், இல்ல அவனுக்க கடைக்கே திரும்பி வந்திருக்கணும்."

"கார் தன்னால நடந்து போய்ச் செருப்பு மாத்தாதே" என்றாள் ஷைனா. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அந்த வீட்டுல டிரைவரே கிடையாது சாரே. ஓட்டுறது ரெண்டு பேருதான்."

"அதான் செங்கலுக்குப் போறோம். நீ முற்றத்துலயே நின்னுக்கோ. இங்க யாருக்கும் தெரியாம மாத்தணும்னா மாநில எல்லைக்கு அந்தப் பக்கந்தான் போவணும். மார்த்தாண்டத்துல இந்த அளவு டயர் வைக்கிற கடை நாலஞ்சுதான் இருக்கும். எப்படிக் கேப்பங்கிறது உனக்க சாமர்த்தியம்."

---

சபரிநாதனின் வீடு பெரியது, சுத்தமானது, அரவமில்லாதது. அவர் இடுப்பில் பட்டை கட்டியிருந்தார். நாற்காலியில் முதுகுக்கு ஒரு திண்டு, அதன்மேல் இன்னொன்று. பக்கத்துக் கட்டிலில் கிருஷ்ணப்ரியா, இரும்புச் சட்டம் மாட்டிய காலைத் தலையணைமேல் நீட்டிப் படுத்திருந்தாள். பல் மருத்துவர். வாரத்தில் சில நாள் அம்பூரிக் கிளினிக்குக்குப் போகிறவள்.

"கேக்க வேண்டியதெல்லாம் போலீஸ் கேட்டாச்சே சார்" என்றார் சபரிநாதன், மரியாதையாகவே. "அந்த ஆளு சம்சாரத்துக்காக வந்திருக்கிய. வருத்தம்தான். எனக்கும் அவ காலப் பாக்கும்போ வருத்தம்தான்."

"டயர எப்படித் தேர்ந்தெடுத்திய? அத மட்டும் கேட்டுட்டுப் போறேன்."

சபரிநாதனுக்குப் பிடித்த பேச்சுதான் போலிருந்தது. காரோடு வந்த ரன்-பிளாட் டயர்கள் தாங்க முடியாதவை என்றார். பாலத்தின் ஒவ்வொரு இணைப்பும் முதுகெலும்பில் வந்து அடிக்கும். தார் தேய்ந்த ரோட்டில் ஒரு இரைச்சல். பாட்டு கேட்க முடியாது, போன் பேச முடியாது. ரன்-பிளாட் என்றால் விறைப்பாகத்தான் இருக்கும், ஆனால் அதிலும் மெதுவானது, சத்தம் குறைந்தது உண்டு என்று வாலண்டைன் சொன்னார். உள்ளே பஞ்சு வைத்ததை வரவழைத்துத் தந்தார். "அப்படின்னு நெனச்சேன்" என்று முடித்தார்.

"மாற்று டயர் இல்லாத காருக்கு இதுதான் வேணும்னு யாரு சொன்னது?"

"நான்" என்றாள் கிருஷ்ணப்ரியா. "அம்பூரி ரோட்டுல பாதி தூரம் போன் கிடைக்காது. ரன்-பிளாட் இல்லன்னா இந்தக் காரே வேண்டாம்னு சொன்னேன்."

"புது டயர் போட்டதும் வித்தியாசம் தெரிஞ்சுதா?"

"முதல்ல பெருசாத் தெரியல்ல. சத்தம் கொஞ்சம் கொறஞ்சுது, குலுக்கம் அப்படியேதான் இருந்தது. பின்ன ஒரு நாள் கிளினிக் போகும்போ பாத்தா, கார் அப்படியே மெத்தையில போற மாதிரி. எனக்கே ஆச்சரியம். அத்தான்கிட்ட கேட்டேன். டயர் ஓடி ஓடிப் பதம் வரும்னு சொன்னாவ."

"ரப்பர் பதம் வரும்னு" என்றார் சத்தியதாஸ்.

"ரப்பர் தோட்டக்கார வீட்டுல பெறந்தவிய சொன்னா, பல்லு பிடுங்குறவ என்ன சொல்ல முடியும்?"

சத்தியதாஸ் சபரிநாதனைப் பார்த்தார். "நான் ஆயிரம் டயர் பாத்திருப்பேன் சார். ஓட ஓட டயர் கடுக்கும், சத்தம் கூடும். பதம் வந்து நான் பாத்ததில்ல. ஒரே நாள்ல மெத்தை மாதிரி ஆச்சுன்னா, அந்த நாளுக்கு முந்தி இருந்த டயர் வேற, பிந்தி இருந்தது வேற."

கிருஷ்ணப்ரியா கணவனைத் திரும்பிப் பார்த்தாள். சபரிநாதன் பதறவில்லை. திண்டைச் சரிசெய்துகொண்டார்.

"அது செரியாத்தான் இருக்கும்" என்றார். "இடையில ஒருக்க வீல் அலைன்மென்ட் பாக்க வாலண்டைன் கடையிலதான் விட்டேன். ரெண்டு மணிநேரம் அங்க கிடந்தது. அப்பம் கழத்தி மாத்தியிருப்பான். ஓடின டயரயும் பாதி விலைக்கு விக்கலாமே. இல்ல, தம்பிக்குக் குடுக்கலாம். கடல்லதான் அவங்க ஆளு."

பதில் கச்சிதமாக இருந்தது. காரில் வரும்போது சத்தியதாஸ் ஷைனாவிடம் சொன்ன சந்தேகமும் அதுவேதான். ஆனால் டயர் கடலோரம் போனதைப் பற்றி அவர் இந்த வீட்டில் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை.

வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது. ஷைனா உள்ளே வந்தாள். போன் கையிலேயே இருந்தது.

"மூணாவது கடை சாரே" என்றாள். பிறகு சபரிநாதனைப் பார்த்து, "உங்களுக்க பேரச் சொன்னா எல்லா எடத்துலயும் நல்ல மரியாத" என்றாள்.

"என்ன கேட்ட?" என்றார் சத்தியதாஸ்.

"செங்கல் சாருக்க ஸ்போர்ட்ஸ் காருக்குப் போட்ட அதே மெதுவான டயர்ல ஒண்ணு கூட வேணும்னு கேட்டேன். 'ரன்-பிளாட் வேண்டவே வேண்டாம், இருக்கதுலயே மெதுவானது தாங்கன்னு அவியதான நாலும் எடுத்தாவ, அதுக்குள்ள ஒண்ணு போச்சா'ன்னு கடைக்காரரு வருத்தப்பட்டாரு. கழத்தின டயர் கடையில இருக்கான்னு கேட்டேன். இல்லியாம். வள்ளத்துல கட்டக் கடப்புறத்துக்குப் பழைய டயர் கொண்டு போற மீன் வண்டியில ஏத்திவிடச் சொன்னதும் சாருதானாம்."

அறையில் மின்விசிறி ஓடியது. சபரிநாதன் இடுப்புப் பட்டையை அவிழ்த்து மறுபடி கட்டினார். அதற்கு ஏன் அத்தனை நேரம் ஆயிற்று என்பது அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது.

"அந்த டயர்ல ஒரு மணிநேரம் இருந்தா, ராத்திரி எனக்குப் படுக்க முடியாது" என்றார் கடைசியில். "எனக்க முதுகு பாக்குற டாக்டருக்குத் தெரியும். பஞ்சு வச்சதுலயும் செரியாகல்ல. கார விக்கணும், இல்ல டயர மாத்தணும். இவகிட்ட சொன்னா விடமாட்டா. செரி, மெதுவாச் சொல்லிக்கலாம்னு நெனச்சேன்."

"வாலண்டைன்?"

"அவன் ஏமாத்தினான்னு நான் சொல்லல்ல சார். போலீஸ்காரந்தான் சொன்னான். நான் இல்லன்னு சொல்லல்ல. அவ்வளவுதான்."

"அந்த அவ்வளவுலதான் அவரு ஜெயில்ல இருக்காரு" என்றாள் ஷைனா.

"நாளைக்கு ஜாமீன் விசாரணை" என்றார் சத்தியதாஸ். "இன்னைக்கு ஸ்டேஷனுக்கு வந்து இத நீங்களே சொல்லணும்."

"வாறேன். வக்கீல்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு, நாளைக்கோ மறுநாளோ..."

"அத்தான்."

கிருஷ்ணப்ரியாவின் குரல் உயரவில்லை. அவள் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"காத்து கொறஞ்ச விளக்கு எரிஞ்சதும் நான் உங்களத்தான் கூப்பிட்டேன். போன் கிடைக்குற வளைவு அது. நிறுத்தவான்னு கேட்டேன். நீங்க ஒண்ணும் பேசல்ல. லைன் கட்டாயிட்டோன்னு நெனச்சு ரெண்டாவதும் கேட்டேன்."

சபரிநாதன் திண்டைத் தள்ளிவிட்டு நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"என்ன சொன்னாரு டாக்டரே?" என்று கேட்டார் சத்தியதாஸ்.

"'ஓடும், பையப் பைய வா'ன்னு சொன்னாவ. நான் வேகமா வந்துட்டேன், அதான் கழண்டுட்டுன்னு இவ்வளவு நாளும் நெனச்சேன். போலீஸ்லயும் அப்படித்தான் சொன்னேன். எனக்க தப்பு, பின்ன அந்தக் கடைக்காரனுக்க தப்புன்னு."

"பதறிட்டேன் பிரியா. அந்த நிமிஷத்துல எப்படிச் சொல்ல? பக்கந்தானே, வந்து சேந்துருவன்னு..."

"நிறுத்துன்னு சொன்னா போதுமே. எதுக்குன்னு நான் கேட்டிருக்க மாட்டேன்."

அவர் எழுந்து கட்டிலருகே வந்தார். அவளுடைய போன் தலைமாட்டில் கிடந்தது. அவர் கை அதன் பக்கம் போவதற்குள் ஷைனா இடையில் வந்து நின்றாள். போனை எடுத்துக் கிருஷ்ணப்ரியாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

இன்ஸ்பெக்டர் அகிலேஷின் எண்ணைச் சத்தியதாஸ் சொன்னார். கிருஷ்ணப்ரியா மெதுவாக அழுத்தினாள்.

"சாரே, நான் செங்கல்ல இருந்து கிருஷ்ணப்ரியா. டயர் கேசுல நான் குடுத்த வாக்குமூலத்த மாத்தணும். அது வாலண்டைன் போட்ட டயர் இல்ல. மாத்தினது யாருன்னு எனக்குத் தெரியும்... இல்ல, நாளைக்கு ஆகாது. அவருக்கு நாளைக்குக் கோர்ட்டு. இன்னைக்கே ஆள அனுப்புங்க."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். அவள் கணவனைப் பார்த்தாள். பிறகு சட்டம் மாட்டிய காலைப் பார்த்தாள்.

"பின்ன, வரும்போ ஒரு ஆம்புலன்சும் சொல்லிவிடுங்க. எனக்கு நடக்க முடியாது. இந்த வீட்டுல இனி படுக்கவும் முடியாது."